ஆனந்தரின் ஐந்நூறு துணிகள்

பௌத்தத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று பேச்சு வந்தால் உடனே போதி மரம், மான், அகிம்சை என்று போய்விடுகிறோம். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு துணிக்கணக்கு. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில், சுல்லவக்கம் என்ற பகுதியில் இருக்கிறது.

கோசாம்பி மன்னன் உதேனனின் அந்தப்புரப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தரின் உபதேசத்தில் மனம் நிறைந்து அவருக்கு 500 மேலாடைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். மன்னனுக்கு ஆத்திரம். துறவிக்கு எதற்கு இத்தனை, துணிக்கடை வைக்கப் போகிறாரா? நேரே போய்க் கேட்கிறான். துணி நைந்துபோன பிக்குகளுக்குப் பகிர்ந்து கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். சரி, அவர்களுடைய பழைய துணி? படுக்கை விரிப்பு ஆகும். பழைய விரிப்பு? மெத்தை உறை. அதுவும் பழசானால் தரை விரிப்பு, அப்புறம் கால் துடைக்க, அப்புறம் தூசி தட்ட. தூசித் துணியும் கிழிந்தால்? துண்டு துண்டாக்கி, சேற்றோடு பிசைந்து தரை பூசுவோம். உதேனன் மனம் குளிர்ந்து இன்னும் 500 கொடுத்தான்.

எங்கள் வீட்டில் அம்மா செய்ததும் இதுதான். அப்பாவின் வேட்டி நைந்தால் தலை துவட்டும் துண்டு. அம்மாவின் நூல் சேலை தம்பிக்குத் தூளி, பிறகு தலையணை உறை, கடைசியில் அடுப்படியில் கரித்துணி.

பிக்குவுக்கு மூன்று சீவரங்கள், அதாவது துறவாடைகள்தான். கூடுதலாக ஒன்று வந்தால் பத்து நாளுக்கு மேல் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. குளிருக்கும் வெயிலுக்கும் கொசுக்கடிக்கும் மானத்துக்கும்தான் இது என்று நினைத்தபடியே உடுத்த வேண்டும். அதெல்லாம் துறவிக்குத்தானே என்பீர்கள். விதி அவர்களுக்கு, உண்மை. ஆனால் அந்த விதி கைவைக்கிற வேட்கை நம்மிடம்தான் அதிகம்.

போன மாதம் என் அலமாரியை ஒழித்தேன். 31 சட்டைகள். இரண்டில் விலைச்சீட்டே பிரிக்கவில்லை. பழைய சட்டை ஒன்றைக் கிழித்து அடுப்படி மேடையைத் துடைத்தேன். பாலியஸ்டர். தண்ணீரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளியதே தவிர, துளிகூட உறிஞ்சவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். ஆனந்தர் சொன்ன கடைசிப் படி, அந்தச் சேறு, இந்தத் துணிக்குக் கிடையாது. பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் இழை எந்த மண்ணோடு பிசைந்தாலும் மட்காது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளாக உதிர்ந்து சாக்கடைக்கும் கடலுக்கும் போகிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் மற்ற நாடுகள் கழித்த துணி மேடு மேடாகக் கிடக்கிறது. இக்கீகே துறைமுகத்தில் வந்து இறங்கி, விலைபோகாமல் கொட்டப்பட்டவை. ஆகவே எப்படித் தூக்கிப் போடுவது என்ற கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

துணி பிறக்கும் இடத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், நொய்யல் ஆறு போதும். அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. நிலம் உப்பேறிப் பாழானது. விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பும் போனது. அந்தத் தீர்ப்பு தேவையானது என்றே இன்றும் நினைக்கிறேன். தனி மனிதக் கட்டுப்பாட்டால் மட்டும் ஆறு தெளியாது, சட்டம் வேண்டும்.

ஆனால் அந்தச் சாயத்தில் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல பௌத்தம் விடாது. இது இருப்பதால் அது உண்டாகிறது என்பது அதன் அடிப்படைப் பாடம். தள்ளுபடி விலையில் நான் எடுத்த மூன்றாவது சட்டையும் நொய்யலின் நிறத்துக்கு ஒரு காரணம்.

இந்தத் தீபாவளிக்கு எனக்குத் துணி எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு நூல் வேட்டியாவது எடுத்துக்கடா, நைஞ்சா அடுப்படிக்கு ஆகும்” என்றார்.