சொலோசோவுக்கு ஒரு வக்காலத்து

சத்தம் போடுகிறவன்தான் வில்லன் என்று நம்மை யாரோ நம்பவைத்துவிட்டார்கள். கண்ணை உருட்ட வேண்டும், மேசையில் குத்த வேண்டும், பின்னால் நாலு தடியர்கள் நிற்க வேண்டும். 1972இல் வந்த 'கோட்ஃபாதர்' படத்தின் வில்லன், போதைப்பொருள் வியாபாரி சொலோசோவுக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, மட்டக்களப்பில் நாங்கள் படம் கதைக்கக் கூடினால் மார்லன் பிராண்டோவோடும் அல் பசினோவோடும் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த முதல் சந்திப்பை மறுபடி பாருங்கள். சொலோசோ கேட்பது பத்து லட்சம் டாலரும் மாஃபியாத் தலைவர் டொன் கோர்லியோனேயின் அரசியல் செல்வாக்கும். கொடுப்பது, போதைப்பொருள் வியாபாரத்தில் 30 சதவீதம். டொன் மரியாதையாக மறுக்கிறார். சூதாட்டத்தைக் கண்டுகொள்ளாத அரசியல் நண்பர்கள் இதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். இடையில் மூத்த மகன் சன்னி வாயை விடுகிறான்: போடுகிற பணத்துக்குப் பொறுப்பு நிற்பார்களா என்று. தந்தை உடனே அடக்குகிறார். என்ன பயன்? சொலோசோ கேட்டுவிட்டான், மகனுக்கு இதில் ஆசை என்று புரிந்துகொண்டான். படுவான்கரைக்கு நெல் வாங்க வருகிற வியாபாரிகளில் சிலர் இப்படித்தான். தகப்பனோடு விலை பேசிக்கொண்டே, எந்த மகனுக்குக் காசு அவசரம் என்று பார்த்துவைப்பார்கள். கிழவர் இல்லாவிட்டால் மகன் இறங்கிவருவான். சொலோசோ டொனைச் சுடவைப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான், கோபமோ பழியோ அல்ல.

சொலோசோவாக நடித்தவர் அல் லெட்டியேரி. 1975இலேயே போய்விட்டார், பாவம். ஐந்து குண்டு பட்டும் டொன் பிழைத்துவிட்டார் என்று அறிந்தபின் லெட்டியேரியின் முகத்தில் வருவது ஆத்திரமல்ல, நட்டப்பட்டவனின் எரிச்சல். உணவகக் காட்சியிலும் டொனின் இளைய மகன் மைக்கேலோடு சிசிலிய மொழியில் ஏறக்குறைய அன்பாகவே பேசுகிறார், அதுவும் திரையில் மொழிபெயர்ப்பு இல்லாமல். ஒரு சொல் விளங்காமலே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

களுவாஞ்சிகுடி மச்சான் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்கு வில்லன் என்றால் 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனி. ரகுவரனை யார் குறை சொன்னது? ஆனால் அவர் எதிரியாகவே வருகிறார், நாமும் தயாராகிவிடுகிறோம். சொலோசோ விருந்தாளியாக வந்து உட்காருகிறான்.

படம் பாதியைத் தொடும்போதே இறந்துவிடுகிறான், பின்னால் நின்று ஆட்டிவைத்தது போட்டி மாஃபியாத் தலைவன் பர்சினிதானே என்றும் வாதாடுவார்கள். உண்மைதான். பர்சினியின் மூளையை நான் மதிக்கிறேன். பயம் மட்டும் வரவில்லை.