டெலிவரி ஆப்பை மாற்றும் முன் ஆளிடம் சொல்லுங்கள்

வங்கி ஊழியர் சங்கங்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் தடுத்தன என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. எதிர்த்தார்கள், பிறகு உட்கார்ந்து பேசினார்கள். 1983இல் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் எந்த வேலைக்கு இயந்திரம் வரலாம் என்று எழுதி வாங்கினார்கள். அதை இயக்குகிறவருக்குச் சம்பளத்தோடு தனிப்படியும் கிடைத்தது. 1993 ஒப்பந்தத்தில் இன்னும் விட்டுக்கொடுத்தார்கள். அப்புறம் 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து, பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் 1 லட்சம் பேர் வெளியேறினார்கள். ஊழியர் சங்கம் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை, சரி. ஆனால் என்ன வருகிறது என்பது ஊழியருக்கு முன்கூட்டியே தெரிந்தது.

அதற்குச் சட்டமும் துணை நின்றது. 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய நவீனமயம் என்றால் முதலாளி 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது.

உணவு டெலிவரி செய்யும் தம்பிகளுக்கு அது கிடையாது. பிரியாணிக் கடை வாசலில் ஆர்டருக்குக் காத்திருந்த ஒருவர் போனைக் காட்டினார். புது ரேட் கார்டு. அதே தூரம், குறைந்த காசு. கீழே ‘ஏற்கிறேன்’ என்ற ஒரே பட்டன். அமுக்காவிட்டால் ஆர்டர் வராது. யாரிடம் கேட்பது என்றேன். டீம் லீடர் போனை எடுப்பதில்லை என்றார்.

நிறுவனங்களின் பதில் எப்போதும் ஒன்றுதான்: இவர்கள் ஊழியர்கள் இல்லை, பார்ட்னர்கள். எந்த ஊரில் பார்ட்னரைக் கேட்காமல் பங்கை மாற்றுவார்கள்? பெரிய தொழிற்சங்கங்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஆலை வாசலில் கூட்டம் போட்டுப் பழகியவர்கள், வாசலே இல்லாத இந்த வேலைக்குத் தாமதமாகத்தான் வந்தார்கள். அதற்குள் பையன்கள் தாங்களாகவே வாட்ஸ்அப் குழு தொடங்கி, இரவு நெரிசல் நேரத்தில் ஆப்பை அணைத்துப் போராடக் கற்றுக்கொண்டார்கள்.

தமிழ்நாடு 2023இல் இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது நல்ல காரியம். விபத்து, மரணம் என்றால் குடும்பத்துக்கு உதவி கிடைக்கும். ஆனால் ரேட் கார்டைப் பற்றி வாரியம் என்ன கேட்க முடியும்? பக்கத்துக் கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டத்தில், நிபந்தனையை மாற்ற 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வேலையை விட்டு நீக்கவும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். அதில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன்: ஆப்பில் ஒருவரின் ஐடியை பிளாக் செய்தால், அந்த ஆளின் தரப்பை மூன்றே நாளுக்குள் ஒரு மனிதர் நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.