அரை சுரம் இறங்கிய சிம்பொனி

ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்குப் பெயர்க்கிறேன் என்றால், “டெக்னிக்கல் சொல்லெல்லாம் கஷ்டமா இருக்குமே” என்பார்கள். கஷ்டமான சொல் எனக்குத் தொல்லை கொடுத்ததே இல்லை. பார்த்ததுமே அகராதியைப் புரட்டிவிடுவேன். தெரிந்த முகமாக வருகிற சொல்தான் காலை வாரும்.

ஒருமுறை கச்சேரிக் குறிப்பு ஒன்று வந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி, ஸ்கேல் பி மைனர். எழுத்துதானே என்று அந்த ‘பி’யை அப்படியே விட்டுவிட்டேன். ரஷ்யர்கள் ஸ்கேலுக்கு லத்தீன் எழுத்து போட்டால் ஜெர்மன் வழக்கப்படிதான் போடுவார்கள். அதில் பி என்றால் ஆங்கிலத்தின் பி ஃபிளாட்; ஆங்கில பி-க்கு அங்கே எச். என் கையால் சிம்பொனி அரை சுரம் இறங்கிப் போனது. சரிபார்த்த அம்மையார், “பி ஃபிளாட் மைனர் அவருடைய முதல் பியானோ கான்செர்ட்டோ அல்லவா?” என்று மட்டும் கேட்டார். சரி, எழுத்தே வேண்டாம், தோ ரே மி என்றே எழுதுவோம் என்றால், இந்த பி-க்கு ரஷ்யப் பெயர் ‘ஸி’. ஆங்கிலம் பழகிய காதுக்கு அது ‘சி’ என்ற வேறு சுரம்!

அப்புறம் பியானோ. கதாநாயகன் பியானோ முன் உட்கார்ந்தான் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போய்விடலாம். ரஷ்யத்தில் அது கிடையாக விரிந்த ‘ரயால்’ ஆ, சுவரோரம் நிற்கும் ‘பியானினோ’ ஆ என்று பெரும்பாலும் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டுக் கூடம் எவ்வளவு பெரிது என்று முந்தைய அத்தியாயங்களில் தேடியிருக்கிறேன்.

அறிவியலிலும் இதே கதைதான். ஆங்கில ‘டெகேட்’ மாதிரியே ஒலிக்கும் ‘தெகாதா’ ரஷ்யத்தில் பத்து ஆண்டு அல்ல, பத்து நாள். பில்லியன் ‘மில்லியார்த்’ ஆகும். சோடியத்துக்கு ஏன் என்ஏ (Na) என்ற குறியீடு என்று பள்ளியில் விழித்தோமே, ரஷ்யப் பிள்ளைக்கு அந்தக் குழப்பமே இல்லை. அங்கே அதன் பெயரே ‘நாத்ரி’.

1746-இல் ரஷ்ய அறிஞர் லமனோசவ் ஓர் இயற்பியல் நூலை லத்தீனிலிருந்து ரஷ்யத்துக்குக் கொண்டுவந்தபோது, கருவிகளுக்கும் இயற்கைப் பொருள்களுக்கும் பெயர் தேட வேண்டியிருந்தது என்று முன்னுரையிலேயே எழுதினார். இன்று தேடக்கூட வேண்டாம், இருக்கிற சொல்லை எடுத்துப் போட்டால் போதும். சிலிக்கானுக்கு ‘கிரேம்னி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘ஸிலிகோன்’ என்றால் கேக் அச்சு செய்கிற ரப்பர் மாதிரிப் பொருள். ஆனாலும் கலிபோர்னியாவின் அந்தப் பள்ளத்தாக்கை ‘ஸிலிகோன்’ பள்ளத்தாக்கு என்றே எழுதுகிறவர்கள் ஏராளம். போன வாரம் ஒரு கட்டுரையில் ‘கிரேம்னி’ என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் குழு ‘ஸிலிகோன்’ ஆக்கித் திருப்பியது. நான் மறுபடி மாற்றி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.