முதலில் அந்த ஹெட்போனை மாட்டுங்க தம்பி

நேற்று ராத்திரி கேம் ஆடிக் காட்டி ரிவ்யூ சொல்லும் தம்பி ஒருவர் போட்ட அந்த லைவைப் பார்த்தவர்களுக்கு, நான் கடை திறக்காமல் உட்கார்ந்து இதை ஏன் டைப் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள், தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம்.

"ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்" கேமை ஸ்பீக்கரில் போட்டு, தலைக்கு மேலே ஃபேன் கடகடக்க, மிக்சர் மென்றுகொண்டே ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆடிவிட்டு, "பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, ஒரு லூசுப் பொம்பள தனக்குத்தானே பேசிக்கிட்டு நடக்குது" என்று பத்துக்கு மூணு மார்க் போட்டார் தம்பி. மார்க் அவர் இஷ்டம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது. மூணா?) ஆனால் ஹெட்போன் போடாமல் இந்த கேமைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன வேலை? ஆரம்பிக்கும்போதே ஹெட்போன் போட்டு ஆடச் சொல்லி ஸ்கிரீனில் எழுத்து வருகிறதே, அதைப் படிக்காமல்தானே ஸ்கிப் செய்தீர்கள்?

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கேமில் நாம் ஆடுவது செனுவா என்ற பெண்ணாக, மனநோயால் அவள் தலைக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கும். மனிதனுக்குக் காது இருக்கும் இடங்களில் இரண்டு மைக்கை வைத்து, நடிகைகள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கிசுகிசுத்து, சிரித்து, திட்டி ரெக்கார்ட் செய்த குரல்கள் அவை. இந்தக் காதுக்கு இந்த ஒலி, அந்தக் காதுக்கு அந்த ஒலி என்று தனித்தனியாகப் போனால்தான் பிடரிக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிற மாதிரி இருக்கும். ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், எங்கேயோ டிவி ஓடுகிற மாதிரிதான் கேட்கும். பந்தியில் உட்காராமல் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டே சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னால் எப்படி?

2017 ஆகஸ்டில் வந்த கேம் இது. செய்தது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கும் நிஞ்சா தியரி என்ற கம்பெனி, ஏறக்குறைய இருபது பேர் கொண்ட டீம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் பால் ஃப்ளெட்சரைக் கூடவே வைத்துக்கொண்டு, நிஜமாகவே குரல் கேட்கிற ஆட்களிடம் உட்கார்ந்து பேசி, "இப்படியா கேட்கும், இன்னும் பக்கத்திலா" என்று விசாரித்துச் செய்திருக்கிறார்கள். செனுவாவாக நடித்த மெலினா யூர்கன்ஸ் அங்கே வீடியோ எடிட்டர். நடிகை கிடைக்கும்வரை சும்மா நிற்க வந்தவர், கடைசியில் அவரே நடித்து பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதை வாங்கினார். தம்பி அவரைப் பார்த்து "ஓவர் ஆக்டிங்" என்றார். சரி.

"ஹாரர்னு சொல்லிட்டு ஒரு இடத்துலகூட தூக்கிப் போடலையே" என்று கமெண்ட்டில் ஒரு கூட்டம். தூக்கிப் போட வேண்டுமென்றால் கம்பம்மெட்டு மலை ரோட்டில் ஜீப்பில் போங்கள். நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற "அவுட்லாஸ்ட்" கேமில் மனநோயாளிதானே பேய்? ஆஸ்பத்திரிக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவனிடமிருந்து ஓட வேண்டும், அதுதானே ஆட்டம்? அது உங்களுக்கு ஹாரர். அதே ஆளின் தலைக்குள்ளே உட்காரவைத்தால் போர் அடிக்கிறது.

போர் அடிக்கிறது என்பதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ரூன் என்கிற பழங்கால எழுத்துப் புதிர் இருக்கிறதே, மரமும் நிழலும் எங்கே சேர்ந்து அந்த எழுத்து மாதிரி தெரிகிறது என்று தேட வேண்டியது, ஒரு இடத்தில் முக்கால் மணி நேரம் சுற்றி கீபோர்டையே தூக்கி எறியப் பார்த்தேன். சண்டையும் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். இதையெல்லாம் சொல்லி மூணு மார்க் போட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். நீங்கள் அதைச் சொல்லவில்லையே. இரண்டு கையையும் காதருகில் வைத்து, கண்ணை மேலே செருகி, "ஏய்... பின்னாடி... பின்னாடி..." என்று குரலை மாற்றி மாற்றிச் செய்து காட்டினீர்கள். சாட் முழுக்கச் சிரிப்பு எமோஜி.

குமுளியில் எங்கள் சர்வீஸ் கடையில் கூட வேலை பார்க்கிற மலையாளிப் பையன்தான் எனக்கு இந்த கேமைக் கொடுத்தான். "ஹெட்போன் வெச்சு களிக்கணும் சேட்டா" என்று மூன்று தடவை சொன்னான். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். மூடுபனியில் ஒரு மரக்கட்டைப் படகு, இடுப்பில் செத்துப்போன காதலனின் தலையைப் பையில் கட்டிக்கொண்டு ஒருத்தி துடுப்புப் போடுகிறாள். அவளைச் சுற்றி நாலைந்து பேர் பேசுகிறார்கள். திரும்பிப் போ, நீ செத்துடுவ, அவளைப் பாரேன், சிரிப்பு வருது. பத்து நிமிஷத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் இல்லை. எனக்கு என் சின்னத்தை ஞாபகம் வந்துவிட்டது.

சின்னத்தை ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும். விடிவதற்கு முன்னால் தூக்குவாளியோடு ஜீப் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். ஒரு வருஷம் திடீரென்று ஜீப்பில் அது பக்கத்தில் யாரும் உட்காராமல் போனார்கள். யாரும் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்கிறது என்றார்கள். வீட்டில் வாசல்படியில் உட்கார்ந்து தலையை இடது பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று எழுந்து போய் ரேடியோவைக் காது கிழிகிற மாதிரி வைக்கும். அப்பத்தா அது காத்து கருப்பு என்றாள். எங்கள் பக்கம் எது தீரவில்லை என்றாலும் மலையேறி மலையாளத்து மந்திரவாதியிடம் போய்விடுவார்கள். அந்த ஆள் பிரம்பால் அடித்து, கோழி வாங்கி, கயிறு கட்டி, "அமாவாசைக்குள்ள வரலைன்னா தலைக்கு ஏறிடும்" என்று அனுப்பினான்.

கேமிலும் இதே வசனம்தான். தோற்கத் தோற்கக் கையில் கறுப்பு ஏறும், அது தலைக்கு ஏறினால் இதுவரை ஆடியதெல்லாம் அழிந்துவிடும் என்று முதலிலேயே மிரட்டும். அப்படி எதுவும் அழியாது என்று ஆடிப் பார்த்தவர்கள் பிறகு கண்டுபிடித்து, ஏமாற்று வேலை என்று கத்தினார்கள். எனக்கு அது ஏமாற்றாகவே படவில்லை. நாலு வருஷம் ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்கள் வீடே அப்படித்தான் பயந்து கிடந்தது.

"உங்க அத்தைக்கு அப்படின்னா நாங்க சிரிக்கக் கூடாதா" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். சிரிங்க. "வியாதியை வச்சுக் காசு பார்க்கிறான் வெள்ளைக்காரன்" என்று இன்னொருவர். அதைக் கேட்க வேண்டிய இடம் எங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறது, அந்தக் கோழிக்கும் காசு நாங்கள்தான் கொடுத்தோம். "அதெல்லாம் ஃபாரின் பிரச்சினை, நம்ம ஊருக்கு எதுக்கு" என்று சொன்னவருக்கு மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் தீயிலிருந்து ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். கட்டிப் போடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது நம் நாட்டில்தான். அதே வருஷம்தான் இந்த கேமும் வந்தது. போங்க சார், ஃபாரின்.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

அந்த மிமிக்ரி ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், அதை நானும் செய்திருக்கிறேன். பத்து வயசில், மாமன் மகன்களோடு சேர்ந்து, அத்தை மாதிரியே தலையைச் சாய்த்து, கண்ணைச் செருகி. எனக்குத்தான் நன்றாக வரும் என்று என்னையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். ஒரு நாள் அது கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் ரேடியோவை வைத்தது.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறது, பல வருஷமாகத் தேவலை. கேமை முடித்த வாரம் முதல் தடவையாகக் கேட்டேன், அப்ப என்ன அத்தை சொல்லும் உனக்கு என்று. ரொம்ப நேரம் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தது. "அசிங்கமாத்தான் திட்டும். ஒரொரு நேரம், ஏலச்செடிக்குள்ள கைய விடாத, பாம்பு கெடக்குன்னும் சொல்லும்ப்பா" என்றது.

கேமில் அந்தக் குரல்கள் "பின்னாடி" என்று கத்துவது எதற்குத் தெரியுமா தம்பி? செனுவாவின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் வாளை ஓங்கும்போது. அவளைத் திட்டுகிற அதே குரல்கள்தான் காப்பாற்றவும் செய்யும். நீங்கள் மூன்று தடவை செத்தது அதைக் கேட்காமல், அதையே மிமிக்ரி செய்துகொண்டிருந்ததால்.

இதைத்தான் லைவில் மரியாதையாக ஒரு கமெண்ட்டாகப் போட்டேன். அழித்துவிட்டீர்கள். ஹெட்போன் இல்லாததுதான் பிரச்சினை என்றால் சொல்லுங்க, என்னிடம் பழசு ஒன்று கிடக்கிறது, இடது பக்கம் கொஞ்சம் கரகரக்கும். ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில்தான் இருப்பேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.