'அனைத்தையும் நிறுவு' என்று ஒரு பட்டன்

இந்தப் பட்டனுக்குப் பெயர் வைத்த புண்ணியவானை ஒரே ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அதுவும் மாதத்தின் 11-ஆம் தேதி.

எங்கள் அலுவலகத்தில் எந்த மென்பொருளையும் நாமாகப் போட்டுக்கொள்ள முடியாது. எல்லாம் ஐ.டி. பிரிவின் போர்ட்டல் வழியாகத்தான். வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். வேண்டாததையும் நாமே எடுத்துப் போட்டாக வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். 2025 ஜூன் 11, புதன்கிழமை காலை அதைத் திறந்தால் பதினான்கு அப்டேட்டுகள். மாலை 5 மணி வரை கெடு, சிவப்பு எழுத்தில். உச்சியில் அந்தப் பட்டன்.

ஏன் புதன்கிழமை? விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2003 முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளிவருகின்றன. ஜூனில் நமக்கு அது இரவு பத்தரை மணி. இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8-க்கும் 14-க்கும் இடையில்தான் விழும். மாதா மாதம் விற்பனை பில்களை ஜிஎஸ்டி தளத்தில் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் தாக்கலுக்குக் கடைசி நாள் 11. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 11-ஐத் தவறவிட்டால் எங்களிடம் சரக்கு வாங்கியவர்களுக்கு 14-ஆம் தேதி தயாராகும் 2பி என்ற கொள்முதல் அறிக்கையில் அந்த பில்கள் வராது. வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் அவர்களது உள்ளீட்டு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும். அவர்கள் ஐ.டி. பிரிவைக் கூப்பிட்டுத் திட்ட மாட்டார்கள். என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்பதே காலுக்குப் பட்டனை அழுத்தினேன். முதல் அப்டேட் இறங்க ஆரம்பித்தது. மற்ற பதின்மூன்றும் 'காத்திருக்கிறது'. எக்செல்லை மூடு என்றது, மூடினேன். பிரவுசரை மூடு என்றது. அதில்தானே ஐயா ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து வைத்துப் பாதி பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்! அதையும் மூடித் தொலைத்தேன். ஆறாவது அப்டேட்டில் 'தோல்வி: 1618'.

1618 என்றால் 'வேறொரு நிறுவல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது' என்று பொருள். விண்டோஸின் நிறுவல் சேவை ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் போடும்; அடுத்தது வரிசையில் நிற்க வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் அனைத்தையும் போடு என்று பட்டன் வைத்ததும் நீ, போட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை உள்ளே தள்ளியதும் நீ, தோல்வி என்று சிவப்பில் காட்டுவது மட்டும் என் முகத்திலா? சரி, தோற்றவற்றையாவது மொத்தமாகத் திரும்பப் போடலாம் என்றால் அதற்குப் பட்டன் கிடையாது. ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றாக 'மீண்டும் முயல்க'. ஐந்து முறை.

பிறகு ரீஸ்டார்ட். ஒன்றல்ல, மூன்று. இரண்டாவது ரீஸ்டார்ட் 35 சதவீதத்தில் நின்றது. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன், 35. மேலாளர் வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார், 35. அந்த நீலத் திரையில் சுற்றும் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கே தலை சுற்றியது.

அப்டேட்டே வேண்டாம் என்கிற ஆளல்ல நான். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் உலகத்தையே கலங்கடித்தபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது; போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அந்த அவசரம் புரிகிறது. ஆனால் ஆட்களைக் குழு குழுவாகப் பிரித்துத் தனித்தனிக் கெடு வைக்கத்தானே இத்தகைய போர்ட்டல்களைச் செய்கிறார்கள்? கணக்குப் பிரிவுக்கு மட்டும் 12-ஆம் தேதி மாலை என்று வைத்தால் யார் குடி முழுகிவிடும்? போன வருடமே கேட்டேன். 'எல்லாருக்கும் ஒரே கொள்கை' என்றார்கள்.

மதியம் புகார் டிக்கெட் போட்டேன். ஆறு மணிக்குப் பதில் வந்தது: 'உங்கள் கணினியில் அனைத்து அப்டேட்டுகளும் வெற்றிகரமாக நிறுவப்பட்டுள்ளன. டிக்கெட் முடிக்கப்பட்டது.' அப்போது நான் தாக்கலில் கையொப்பமிடுவதற்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கணினியில் செருகுவதும் பிடுங்குவதுமாக இருந்தேன். மூன்றாவது ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு கணினிக்கு அது அடையாளமே தெரியவில்லை. தாக்கல் முடிந்தபோது இரவு பத்தே கால்.

2025 ஜூலையில் இரண்டாம் செவ்வாய் 8-ஆம் தேதி. அதற்கு முன்பே தாக்கல் செய்துவிடலாமே என்று வீட்டில் யோசனை சொல்கிறார்கள். செய்யலாம்தான். விற்பனைப் பிரிவு கடைசி பில்லை அனுப்புவதே 10-ஆம் தேதி சாயங்காலம். அந்தக் கதையை ஆரம்பித்தால் விடிந்துவிடும்.