பாசிம் யூசுஃபின் நிகழ்ச்சியை நிறுத்தியது முர்சி அரசா?

எகிப்தின் நையாண்டித் தொகுப்பாளர் பாசிம் யூசுஃபை அன்றைய அதிபர் முர்சியின் அரசு சிறையில் தள்ளி, அவருடைய ‘அல்-பெர்னாமெக்’ நிகழ்ச்சியையும் மூடிவிட்டது என்றொரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

யூசுஃப் இதய அறுவை மருத்துவர். 2011 எகிப்தியப் புரட்சிக்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே யூடியூபில் காணொளி போடத் தொடங்கி, அதே ஆண்டில் தொலைக்காட்சிக்கு வந்தவர். 2012 நவம்பரில் சிபிசி சேனலுக்கு மாறினார். அதிபரையும் இஸ்லாத்தையும் அவமதித்தார் என்ற புகாரில் 2013 மார்ச் இறுதியில் அவருக்குக் கைது ஆணை பிறப்பித்து, அவரே நேரில் போனபோது விசாரித்தது உண்மைதான். ஆனால் 15,000 எகிப்திய பவுண்டு பிணையில் அன்றே வெளியே வந்துவிட்டார். நிகழ்ச்சியும் தொடர்ந்தது. விசாரணைக்குப் போனபோது, முர்சி அணிந்திருந்ததைப் போன்ற பிரம்மாண்டமான தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்! அந்தத் துணிச்சலை இன்றும் மறக்க முடியவில்லை.

அப்படியென்றால் நிறுத்தியது யார்? 2013 ஜூலையில் ராணுவம் முர்சியை நீக்கியது. அக்டோபரில் திரும்பி வந்த யூசுஃப், ராணுவத் தளபதி சிசியை மக்கள் கொண்டாடிய வெறியைக் கிண்டல் செய்தார். அடுத்த வாரமே சிபிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. 2014 பிப்ரவரியில் எம்பிசி மஸ்ர் சேனலில் மறுபடி தொடங்கினார். சிசி அதிபர் தேர்தலில் வென்ற கையோடு, ஜூன் 2 அன்று நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக அவரே அறிவித்தார். தன் பாதுகாப்பையும் குடும்பத்தின் பாதுகாப்பையும் காரணமாகச் சொன்னார். அப்புறம் அதே ஆண்டில் நாட்டைவிட்டே வெளியேறினார்.

முர்சி காலத்து வழக்குகளை நான் நியாயப்படுத்தவில்லை, அவையும் மிரட்டல்தான். ஆனால் நிகழ்ச்சியின் கதவு மூடப்பட்டது முர்சி போன பிறகுதான்.