டயர் கிழிந்ததற்கு என் தலையை ஏன் உருட்டுகிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தில் தம்பியின் கார் டயர் கிழிந்த கதையை மறுபடி விவரிக்கப்போவதில்லை. வீடியோ எல்லோர் கையிலும் இருக்கிறது, மெதுவாக ஓடவிட்டு பாட்டு போட்ட பதிப்பு உட்பட. தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, கார் தடுப்புச் சுவருக்கு முன்பே நின்றுவிட்டது. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து கம்பெனி கொடுத்ததைவிட அகலமான டயர் போட்டவன் நான் என்பதால் ஆளாளுக்கு என்னை டேக் செய்து "அகல டயர் குருவே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, குரு சொல்கிறேன். கிழிந்தது அகல டயரே இல்லை.

தம்பி போட்டிருந்தது 225/40 ஆர்18. (முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். கடைசி எண் ரிம்மின், அதாவது டயர் மாட்டும் உலோகச் சக்கரத்தின் விட்டம், இஞ்சில்.) என் காரில் இருப்பது 245/40 ஆர்17. இரண்டு காரும் டொயோட்டா ஜிடி86 தான். என் டயர் அவன் டயரைவிட 20 மில்லிமீட்டர் அகலம். அகலம்தான் கிழிக்கும் என்றால் என் டயர் எப்போதோ கிழிந்திருக்க வேண்டும். அவன் அகலமாகப் போட்டது ரிம்மை. ஒன்பதரை இஞ்ச், அதாவது 241 மில்லிமீட்டர். அதன் மேல் 225 டயர். அந்த அளவு டயரை ஏழரையிலிருந்து ஒன்பது இஞ்ச் வரையுள்ள ரிம்மில்தான் மாட்டலாம் என்று டயர் கம்பெனிகளின் அட்டவணையே சொல்கிறது. இழுத்துப் பிடித்து மாட்டினால் பக்கச்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். போட்டோவில் அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

அதுகூடப் போகட்டும். ஆஃப்செட்டை யாராவது கேட்டீர்களா? அத்தனை கமெண்ட்டில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டும் மையப் பகுதி) போய் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ப்ளஸ் எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். கம்பெனி கொடுத்த ரிம் ஏழு இஞ்ச் அகலம், ஆஃப்செட் ப்ளஸ் 48. தம்பி போட்டது ஒன்பதரை, ப்ளஸ் 22. பள்ளிக்கூடக் கணக்குதான்: ரிம் மொத்தம் 63 மில்லிமீட்டர் கூடுதல், அதில் பாதி வெளியே, அதோடு ஆஃப்செட் குறைந்த 26. ஆக, ரிம்மின் வெளிவிளிம்பு பழைய இடத்திலிருந்து 58 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. கார் வேறு தாழ்த்தியது. திருப்பத்தில் எடை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து சஸ்பென்ஷன் அமுங்கினால் சக்கரம் எங்கே போகும்? ஃபெண்டருக்குள்தான், அதாவது சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாடித் தகட்டுக்குள். அந்த உள்விளிம்புத் தகடு மடிக்காமல் அப்படியே இருந்தது. டயரை அறுத்தது அந்தத் தகடு.

இதெல்லாம் நடந்த பிறகு வந்த ஞானம் இல்லை. ரிம் வாங்குவதற்கு முன்பே தம்பி எனக்கு போட்டோ அனுப்பி "அண்ணே, இது நிக்குமா?" என்று கேட்டான். "நிக்காதுடா, 58 மில்லி வெளிய வரும், இந்த ஆஃப்செட்ட விட்டுடு" என்று பதில் போட்டேன். கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டு அதையே வாங்கினான். அவன் காசு, அவன் கார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் எதில் என்று பிறகு சொல்கிறேன்.

நான் எப்படி மாட்டினேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வந்து திட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பது இஞ்ச், ப்ளஸ் 45. வெளியே 28, உள்ளே 22 மில்லிமீட்டர் கூடும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தாயிற்று. ஆனால் பேப்பரை நம்பி யாராவது காசு கொடுப்பார்களா? அதே ரிம் வைத்திருந்த நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கினேன். முன்பக்க ஸ்ட்ரட்டை (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) கழற்றி, ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, ஸ்ப்ரிங் இல்லாமலே திரும்ப மாட்டினேன். டயர் எங்கே உரசுகிறது என்று தெரிய, ஃபெண்டரின் உள்பக்க பிளாஸ்டிக் லைனர் முழுக்க சாக்பீஸைத் தேய்த்தேன். சக்கரத்தை மாட்டி, கீழே ஜாக்கி கொடுத்து, பம்ப் ஸ்டாப்பில், அதாவது சஸ்பென்ஷனின் கடைசித் தடுப்பில், முட்டும் வரை தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்துப் பார்த்தேன். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. லைனரின் பின்மூலையில் ஒரு இடத்தில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. அந்த இடத்தை ஹீட் கன் காட்டி உள்ளே தள்ளினேன். பின்பக்க ஃபெண்டர் விளிம்பையும் பெயிண்ட் வெடிக்காமல் சூடாக்கி மடித்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் "வீல் மாத்த வந்தியா, ஆபரேஷன் பண்ண வந்தியா?" என்றார். இன்று என்னைத் திட்டுகிறவர்களில் அவரும் ஒருத்தர்.

ரிம்மின் நடு ஓட்டை காரின் 56.1 மில்லிமீட்டர் ஹப்பைவிடப் பெரியது. அந்த இடைவெளியை அடைக்க ரிங் போட்டேன். நட்டைச் சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் முறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்த்தேன். அப்புறம் அலைன்மெண்ட். டயரின் மொத்த விட்டம் பழையதைவிட இரண்டரை மில்லிமீட்டர்தான் அதிகம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமை எண் 87 இருந்த இடத்தில் 91, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோவுக்குப் பதில் 615 கிலோ. இப்படி அளந்து போட்டவனையும், போட்டோ பார்த்துப் போட்டவனையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்விகள்.

"கம்பெனி இன்ஜினியரைவிட நீ பெரிய ஆளா?" இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இல்லை ஐயா, நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் அந்த இன்ஜினியர் எனக்காக மட்டும் டயர் தேர்ந்தெடுக்கவில்லை. பனிக்குச் சங்கிலி மாட்டுகிறவர், மைலேஜ் பார்க்கிறவர், சத்தம் கேட்டால் முகம் சுளிக்கிறவர், டயரில் காற்றே பார்க்காதவர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு அளவு வைத்தார். ஜிடி86 2012-இல் வந்தபோது அதில் இருந்தது 215/45 ஆர்17 மிஷலின் பிரைமசி. மைலேஜுக்காகச் செய்த ஹைப்ரிட் காரான பிரியஸுக்கும் அதே டயர் இருந்தது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள், பின்பக்கம் லேசாக வழுக்கி விளையாட வேண்டும் என்று. நல்ல யோசனைதான். எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம், பிடிப்பு வேண்டும், அவ்வளவுதான். சரி, கம்பெனி சொன்னதே வேதம் என்றால் எந்த வருடத்து வேதம்? ஹோண்டாவின் சிவிக் டைப் ஆர் 2017-இல் 20 இஞ்ச் ரிம்மில் 245 டயரோடு வந்தது. 2022-இல் அடுத்த மாடல், 19 இஞ்ச் ரிம், 265 டயர். அதே கம்பெனி, அதே பெயர், ரிம் சின்னதாகி டயர் அகலமானது. அந்த இன்ஜினியரிடம் போய் "உன்னைவிட நீ பெரிய ஆளா?" என்று கேளுங்கள்.

"எடையும் காற்றழுத்தமும் மாறாதபோது தரையைத் தொடும் பரப்பும் மாறாது, அகலத்தால் என்ன லாபம்?" என்று இயற்பியல் பாடம் எடுத்தவருக்கு: பரப்பு பெரிதாக மாறாது, சரி. வடிவம் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். திருப்பத்தில் அந்த வடிவம்தான் உதவுகிறது, சூடும் பரவலாகப் போகிறது. ஃபார்முலா ஒன்றில் 2017-இல் முன் டயரை 245-லிருந்து 305-க்கும், பின் டயரை 325-லிருந்து 405-க்கும் கொண்டுபோனார்களே, அவர்களுக்கு உங்கள் பாடம் தெரியாமல் போய்விட்டது பாவம். (2026-இல் முன்னே 25, பின்னே 30 மில்லிமீட்டர் குறைத்ததும் தெரியும். எடைக்கும் காற்றுத் தடைக்கும் குறைத்தது. பிடிப்பு கூடும் என்று யாரும் குறைக்கவில்லை.)

"மழையில் அகல டயர் சீக்கிரம் தண்ணீரில் மிதக்குமே?" மிதக்கும். மழையில் நான் மெதுவாகப் போகிறேன். அடுத்தது.

"ஸ்டியரிங் கனமாகும், ரோட்டுப் பள்ளத்துக்கெல்லாம் இழுக்கும், பேரிங் போகும்." ஆஃப்செட்டை 26 மில்லிமீட்டர் மாற்றினால் ஆகும். என்னுடையது மாறியது 3. இதைத்தானே மேலே இருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்! அகலத்தைப் பார்க்காதீர்கள், சக்கரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

"நீங்கள் போட்டதைப் பார்த்துத்தானே சின்னப் பசங்க போடுகிறார்கள்?" இங்கேதான் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. என் பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. ரிம் அளவு, ஆஃப்செட், சாக்பீஸ் அழிந்த இடத்தின் போட்டோ, எல்லாம் போட்டிருக்கிறேன். அதற்கு எத்தனை பேர் எட்டிப் பார்த்தீர்கள்? கார் பளபளவென்று நின்ற ஒரே ஒரு போட்டோவுக்கு அத்தனை ஹார்ட். அளவு எழுதிய பதிவுக்கு ஒருத்தர் வந்து "ரொம்ப நீளம் ப்ரோ" என்று எழுதிவிட்டுப் போனார். படிக்காமல் போனது நீங்கள், பதில் சொல்ல வேண்டியது நானா?

வருத்தம் எதில் என்று சொல்கிறேன் என்றேனே. தம்பி இன்னும் வாயைத் திறக்கவில்லை. "அண்ணன் வேணாம்னுதான் சொன்னார்" என்று ஒரு வரி எழுதினால் போதும், இத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். எழுதவில்லை. நாங்கள் பேசிய அந்த மெசேஜை இங்கே போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் போட மாட்டேன், அது என் பழக்கம் இல்லை. அவனுடைய அடுத்த செட் ரிம் ஏற்கனவே வழியில் இருக்கிறதாம். ஆஃப்செட் என்ன என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

இதைக்கூட "பழி வாங்குகிறான்" என்று எழுதப்போகிறவர்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: முதல் வரியில் உங்கள் ரிம் அகலம், ஆஃப்செட், டயர் அளவு மூன்றையும் போட்டுவிட்டு, அப்புறம் திட்டுங்கள். அந்த மூன்றும் இல்லாத கமெண்ட்டுக்கு நான் பதில் போடப்போவதில்லை.